கிண்ணப் போட்டி நாட்குறிப்பு: பாடாங் செராய், ஏப்ரல்–மே 2025

5 ஏப்ரல், சனி

பெண்கள் காற்பந்துக் கிண்ணத்துக்கான பதிவு இன்றோடு முடிந்தது. பதினொரு குழுக்கள். கூலிம், சுங்கைப் பட்டாணி, பீடோங் ஒரு பக்கம். பட்டர்வொர்த், நிபோங் திபால், பாரிட் புந்தார் மறுபக்கம். மலேசியாவின் மூன்று மாநிலம் கலந்தாலே விடுமுறைச் சிக்கல் வந்துவிடும். கெடாவில் வார விடுமுறை வெள்ளி, சனி. பினாங்கிலும் பேராக்கிலும் சனி, ஞாயிறு. எல்லாருக்கும் பொதுவானது சனி மட்டுமே. ஆகவே ஏப்ரல் 19, 26, மே 3, மே 10 என நான்கு சனிக்கிழமைகள்.

நாக் அவுட்டில் தோற்ற குழு அன்றே வீட்டுக்குப் போகிறது. லீக் மாதிரி அடுத்த வாரம் ஈடுகட்ட முடியாது. அதனால் சச்சரவு வரக்கூடிய ஒவ்வொன்றும் பந்து உருளும் முன்பே விதித்தாளில் இருந்தாக வேண்டும்: ஒரு குழுவுக்கு 20 பேர் வரை, ஒருமுறை ஒரு குழுவுக்கு ஆடியவர் பிறகு வேறு குழுவுக்கு ஆடக்கூடாது, அடையாள அட்டை அசல் வேண்டும், கைப்பேசிப் படம் செல்லாது, குறித்த நேரத்திலிருந்து 15 நிமிடத்துக்குள் ஏழு பேராவது திடலில் நிற்க வேண்டும், முறையீடு ஆட்டம் முடிந்த ஒரு மணி நேரத்துக்குள் எழுத்தில் வர வேண்டும். 18 வயதுக்குக் கீழ் என்றால் பெற்றோர் கையெழுத்து.

9 ஏப்ரல், புதன்

குலுக்கல். பலரும் தடுமாறுவது ‘பை’ (bye) கொடுப்பதில்தான், அதாவது ஒரு குழுவை ஆடாமலேயே அடுத்த சுற்றுக்கு அனுப்புவதில். பதினொரு குழுக்களை இரண்டிரண்டாகப் பிரித்து, மிஞ்சும் ஒன்றுக்குப் பை கொடுத்தால் முதல் சுற்றில் ஐந்து ஆட்டம், ஆறு குழு மிஞ்சும். அடுத்து மூன்று. பிறகு ஒரு குழு அரையிறுதி ஆடாமலேயே இறுதிக்குப் போய்விடும். இது அநியாயம்.

சரியான கணக்கு: 2, 4, 8, 16 வரிசையில் குழு எண்ணிக்கைக்கு அடுத்த பெரிய எண்ணை எடுத்துக் கழிக்க வேண்டும். 16 கழித்தல் 11, ஐந்து பை. எல்லாப் பையும் முதல் சுற்றிலேயே தீர வேண்டும். மீதி ஆறு குழுக்கள் மூன்று ஆட்டம் ஆட, வென்ற மூன்றும் பை பெற்ற ஐந்தும் சேர்ந்து எட்டு. அங்கிருந்து காலிறுதி நான்கு, அரையிறுதி இரண்டு, இறுதி ஒன்று. மொத்தம் பத்து ஆட்டம். எந்த நாக் அவுட்டிலும் குழு எண்ணிக்கையில் ஒன்று குறைத்தால் ஆட்ட எண்ணிக்கை வந்துவிடும். அட்டவணையின் மேல் பாதியில் மூன்று பை, கீழ்ப் பாதியில் இரண்டு. கடந்த ஆண்டு அரையிறுதிக்கு வந்த நான்கு குழுக்களுக்கும் பை, ஐந்தாவதைக் குலுக்கலில் எடுத்தார்கள். கடந்த ஆண்டு இறுதியில் மோதிய இரு குழுக்களும் எதிரெதிர் பாதியில்.

நேரம்: 30 நிமிடமாக இரு பாதி, இடைவேளை 10, கூடுதல் நிமிடங்கள் 5, சமநிலையானால் நேரடியாகப் பினால்டிக்கு 15, அடுத்த குழு இறங்க 10. ஓர் ஆட்டத்துக்கு 100 நிமிடம். காலை 8.00, 9.40, மாலை 4.00, 5.40. நடுப்பகலில் ஆட்டம் கிடையாது. 1991இல் முதல் பெண்கள் உலகக் கிண்ணத்தில் ஆட்டம் 80 நிமிடம்தான். பெண்களால் 90 நிமிடம் தாங்காது என்ற எண்ணம் இருந்த காலம் அது. இங்கே நேரத்தைக் குறைத்ததற்கு ஒரே திடல் இருப்பது மட்டுமே காரணம் என்று விதித்தாளிலேயே எழுதியிருக்கிறது.

18 ஏப்ரல், வெள்ளி

திடலில் கோடு போடும் நாள். 100 மீட்டர் நீளம், 60 மீட்டர் அகலம். முதல் மூலையைச் செங்கோணமாக்க 9, 12, 15 மீட்டர் கயிற்று முக்கோணம் போதும். நான்கு மூலையும் வைத்த பிறகு இரண்டு மூலைவிட்டங்களையும் அளக்க வேண்டும், இரண்டும் 116.62 மீட்டர் வராவிட்டால் கோடு கோணல்.

60 மீட்டர் அகலத் திடலில் கோல் கோட்டின் மேல் டேப்பை ஒரே தடவை விரித்து, மூலையிலிருந்து 9.84, 20.84, 26.34, 33.66, 39.16, 50.16 ஆகிய இடங்களில் முளை அடித்தால் போதும். நடு இரண்டும் கோல் கம்பங்களின் உள்விளிம்பு. அடுத்த இரண்டும் கோல் கட்டம். வெளி இரண்டும் பினால்டி கட்டம். உள்ளே 5.5, 16.5 மீட்டர் ஆழம், பினால்டிப் புள்ளி 11 மீட்டர். கோடு 12 சென்டிமீட்டருக்கு மேல் தடிக்கக் கூடாது.

சுண்ணாம்பைக் கரைத்து ஊற்றும் பழக்கம் இன்னும் இருக்கிறது. தயவுசெய்து வேண்டாம். நீற்றிய சுண்ணாம்பு ஈரத்தில் தோலை அரிக்கும். சறுக்கித் தடுக்கும் பெண்ணின் தொடையிலும் கோல் காவலரின் கண்ணிலும்தான் அது போய்ச் சேரும். நீரில் கலந்து அடிக்கும் வெள்ளைச் சாயம் செலவு கூடுதல், ஆனால் காய்ந்துவிட்டால் மழையிலும் நிற்கும்.

கோல் உயரத்தை நட்ட நடுவில் அளக்க வேண்டும்: 2.44 மீட்டர். கோல் வாயில் மண் தேய்ந்து பள்ளமானால் கம்பம் சரியாக இருந்தும் காவலர் ஐந்தாறு சென்டிமீட்டர் கீழே நிற்கிறார். உயரம் குறைந்த காவலருக்கு அது பெரிய இழப்பு. மண்ணும் ஆற்றுமணலும் கலந்து நிரப்பி, நனைத்து, மிதித்து விட வேண்டும்.

உடை மாற்ற பாலாய் ராயா, அதாவது ஊர்ப் பொதுமண்டபம். கதவுக்குத் தாழ்ப்பாள், வாளியில் தண்ணீர், மூடியுள்ள குப்பைத்தொட்டி, அணையாடை ஒரு பெட்டி. வெள்ளைக் காற்சட்டை கட்டாயமில்லை. மாதவிடாய் நாளில் அந்தக் கவலையோடு யாரும் ஓட வேண்டியதில்லை. தலையை மூடும் துணி (ஹிஜாப் போன்றது) அணிபவர்களுக்கு 2014 முதல் சட்டத்திலேயே அனுமதி உண்டு: கறுப்பு அல்லது ஜெர்சியின் முதன்மை நிறம், ஜெர்சியோடு தைத்திருக்கக் கூடாது, ஊசி கூடாது.

19 ஏப்ரல், சனி

மூன்று ஆட்டங்களும் நேரத்துக்கு முடிந்தன. பந்து 5ஆம் எண், காலையில் 10 பிஎஸ்ஐ அடித்தது. வெயிலில் கிடந்தால் அழுத்தம் ஏறும். மாலை ஆட்டத்துக்கு முன் மறுபடி அளந்தே ஆக வேண்டும். எண் 4 பந்து போதுமே என்று ஒருவர் கேட்டார். போதாது. பெண்கள் காற்பந்துக்கும் 5தான்.

26 ஏப்ரல், சனி

பருவமழை மாறும் மாதம், மாலை இடி எதிர்பார்த்ததே. நான்கு மணி ஆட்டத்தின் முதல் பாதியில் மின்னலுக்கும் இடிக்கும் இடையே 30 நொடிக்குக் குறைவு. உடனே எல்லாரும் பாலாய் ராயாவுக்குள். மரத்தடியில் நிற்கக் கூடாது. கடைசி இடிச் சத்தத்திலிருந்து 30 நிமிடம் அமைதியாக இருந்தால்தான் மறுபடி இறங்கலாம். இடையில் ஓர் இடி கேட்டாலும் கணக்கு முதலிலிருந்து. பாதியில் கைவிட்ட ஆட்டத்தைப் போட்டி விதி வேறு சொல்லாவிட்டால் முழுதாக மறுபடி ஆட வேண்டும் என்பதே காற்பந்துச் சட்டம். நம் விதித்தாளில் ‘நின்ற நிமிடத்திலிருந்து, அதே கோல் கணக்கோடு’ என்று இருந்ததால் வாக்குவாதம் இல்லை.

நீர் தேங்கிய இடத்தில் உருளை ஓட்டக் கூடாது. களிமண் இறுகி இன்னும் மோசமாகும். தோட்டவேலை முள்கரண்டியை 10 சென்டிமீட்டர் இறக்கி அசைத்து, தண்ணீர் இறங்கிய பின் மணல் தூவ வேண்டும். இடுப்பு உயரத்திலிருந்து போட்ட பந்து எழும்பாவிட்டால் அந்தத் திடலில் ஆடக்கூடாது.

5.40 ஆட்டத்தைத் தொடங்கவில்லை. ஏழரை மணியளவில் சூரியன் மறைகிறது, திடலில் விளக்கில்லை. கடைசி நேரத்தை இரு கெடா குழுக்களுக்குக் கொடுத்திருந்தது இதற்காகத்தான்: அவர்களால் அடுத்த வெள்ளி காலை வர முடியும். வெல்பவர்களின் அரையிறுதி சனி மாலைக்கு. ஓய்வு குறைவுதான், அதை மறுக்க முடியாது.

3 மே, சனி

இரண்டாவது அரையிறுதி பினால்டி வரை போனது. ஒரு குழுவில் சிவப்பு அட்டை விழுந்து பத்துப் பேர். அப்போது எதிரணியும் ஒருவரை விலக்கிப் பத்தாக்க வேண்டும். விலகுபவர் பெயரை உதைக்கு முன்பே நடுவரிடம் கொடுக்க வேண்டும். ஆட்டம் முடிந்தபோது திடலில் இருந்தவர்களுக்கு மட்டுமே உதை. வெளியே போனவர் திரும்பி வரலாம் என்ற விதி உள்ள போட்டிகளில் நன்றாக உதைப்பவரைக் கடைசி நிமிடத்தில் உள்ளே கொண்டுவர மறந்துவிட்டுப் பிறகு புலம்புவார்கள். நாணயம் இரண்டு முறை: எந்த கோல், யார் முதலில். ஐந்து உதைக்குப் பிறகும் சமம் என்றால் ஒவ்வொன்றாக. பத்துப் பேரும் உதைக்காமல் ஒருவர் இரண்டாம் முறை வரக்கூடாது. உதைக்கும் கணத்தில் காவலர் ஒரு காலின் ஒரு பகுதியையாவது கோட்டைத் தாண்டாமல் வைத்திருக்க வேண்டும்.

முழங்கால் தசைநார் அறுவது ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம். அதைக் குறைக்க உதவும் ஃபிஃபா 11+ பயிற்சி சுமார் 20 நிமிடம்தான்: ஓட்டம், தொடை வலு, சமநிலை, குதித்துச் சரியாக இறங்குதல். வாரம் இருமுறை செய்யும் குழுக்களை ஆட்டத்துக்கு முன் உடலைச் சூடேற்றும்போதே கண்டுபிடித்துவிடலாம். முழங்கால் உள்நோக்கி மடியாமல் இறங்குகிறார்கள்.

10 மே, சனி

இறுதியாட்டம் 4.30க்கு. 35 நிமிடமாக இரு பாதி, தேவையானால் கூடுதல் நேரம் 10 நிமிடமாக இரண்டு. எல்லாம் சேர்ந்து பினால்டி வரை போனாலும் 6.45க்குள் முடியும், மின்னல் இடைவெளி ஒன்றுக்கும் இடமுண்டு. ஒவ்வொரு பாதியிலும் ஒரு நிமிடத் தண்ணீர் நிறுத்தம். ஒரு குழுவுக்கு 30 லிட்டர் தண்ணீர், தனியாக ஐஸ்.

ஆட்டத்தாளில் பெயர், ஜெர்சி எண், ஆடிய இடம், உள்ளே வந்த நிமிடம், கோல் நிமிடம் எல்லாம் இருக்க வேண்டும். மாநிலக் குழுக்கள் மோதும் துன் ஷரிஃபா ரொட்சியா கிண்ணம் 1976இல் தொடங்கியது. மாநிலப் பயிற்சியாளர் யாராவது ஒரு பெண்ணைப் பற்றிக் கேட்டால் வாய்ச்சொல் போதாது, காட்டத் தாள் வேண்டும். படிகள் எல்லாக் குழுக்களுக்கும் போய்விட்டன.

வலைகளை இன்றே கழற்ற வேண்டும், தோட்டத்து மாடு கொம்பை மாட்டிக்கொள்ளும். நகரும் கோல் கம்பங்களை முகத்தோடு முகம் வைத்துச் சங்கிலியால் பூட்டுங்கள். பிள்ளைகள் தொங்கினால் சாய்ந்து விழும், உயிரே போயிருக்கிறது.