தேயிலைக்கு உமிக்கரி எவ்வளவு இடலாம்?

சிங்கப்பூரில் எங்கள் புளோக்கின் சமூகத் தோட்டத்தில் தேயிலைச் செடிகள் தொட்டிகளில் வளர்கின்றன. கத்தரிக்கும் கீரைக்கும் இடும் மக்கிய உரத்தையும் உமிக்கரியையும் இவற்றுக்கும் அதே அளவில் இடலாமா என்று தோட்டத்து நண்பர்கள் அடிக்கடி கேட்கிறார்கள். இரண்டையும் இடலாம், அளவுதான் வேறு.

தேயிலை புளிப்பு மண்ணில் செழிக்கும் செடி, பிஎச் (புளிப்பைக் காட்டும் அளவு; எண் குறையக் குறையப் புளிப்பு கூடும்) 4.5 முதல் 5.5 வரை அதற்கு ஏற்றது. ஆனால் பெருந்தோட்டங்களில் ஆண்டுக்கணக்கில் யூரியாவும் அம்மோனியம் சல்பேட்டும் இட்டு வரும்போது, அம்மோனியமானது நைட்ரேட்டாக மாறும் வினையில் ஹைட்ரஜன் அயனிகள் வெளிப்பட்டு மண் மேலும் புளித்துவிடுகிறது. பிஎச் 5க்குக் கீழே இறங்க இறங்க, களிமண்ணில் கட்டுண்டு கிடந்த அலுமினியமும் மாங்கனீசும் மண்நீரில் கரைகின்றன. நச்சு உலோகங்களான காட்மியமும் ஈயமும்கூடப் பிடி தளர்ந்து வேருக்கு எட்டுகின்றன. மற்றப் பயிர்களின் வேரைக் குன்றச் செய்யும் அலுமினியம் தேயிலைக்கு அளவோடு கிடைத்தால் வேர் வளர்ச்சிக்கே துணை செய்கிறது என்பது இச்செடியின் விந்தை. உறிஞ்சியதில் பெரும்பகுதியை அது முற்றிய இலைகளில் சேர்த்து வைக்கிறது. நாம் பறிக்கும் இரண்டு இலையிலும் ஒரு மொட்டிலும் அந்த அளவு மிகக் குறைவு.

காற்றுக் குறைந்த சூட்டில் கருக்கிய கரி இங்கே இரு வழிகளில் வேலை செய்கிறது. அதிலுள்ள சாம்பல் பிஎச்சை உயர்த்துவதால் உலோகங்கள் கரைவது குறைகிறது. அதன் நுண்துளைப் பரப்பு கரைந்திருக்கும் காட்மியத்தையும் ஈயத்தையும் பற்றிக்கொள்கிறது. நர்சரியில் வாங்கிய உமிக்கரியை ஒரு குவளை நீரில் இரவு முழுவதும் ஊறவைத்து, தெளிந்த நீரில் பிஎச் தாளை நனைத்தேன். மஞ்சள் தாள் நீலம் கலந்த பச்சையாக மாறியது, அதாவது நீர் காரமாகியிருந்தது. கீரைக்கு நன்மை தரும் இதே காரத்தன்மை தேயிலைக்கு மிகையாகிவிடலாம். ஆர்செனிக் என்னும் நச்சுப்பொருள் விஷயத்தில் கரியை நம்பவே முடியாது. பிஎச் ஏறினால் அது மண்ணிலிருந்து விடுபடவும் கூடும்.

மக்கிய உரத்தின் போக்கு வேறு. அதிலுள்ள ஹியூமிக் அமிலங்கள் தாமிரத்தை இறுகப் பிணைக்கின்றன. தேயிலை இலையைத் தாக்கும் பூஞ்சை நோயான கொப்புள நோய்க்காகத் தாமிர மருந்தைப் பலகாலம் தெளித்த தேயிலை மண்ணுக்கு இது பெரிய உதவி. ஆனால் நீரில் கரையும் கரிமப் பொருள் அதே தாமிரத்தை ஏந்திக்கொண்டு நகரவும் செய்யும் என்பதால், அரைகுறையாக மக்கிய உரத்தை நான் ஏற்பதில்லை. பன்றி, கோழி எருவில் தீவனத்தின் வழியாக வந்த தாமிரமும் துத்தநாகமும் மிகுந்திருக்கக்கூடும். உலோகத்தைக் குறைக்க இடும் உரமே உலோகத்தைக் கொண்டுவந்தால் என்ன பயன்? மூலப்பொருள் தெரியாத மூட்டை எவ்வளவு மலிவாக இருந்தாலும் எனக்கு வேண்டாம். சாயம் பூசிய பழைய பலகையை எரித்த கரிக்கும் இதுவே என் பதில்.

சிங்கப்பூரில் கூடுதலாக ஒன்றைக் கவனிக்க வேண்டும். இங்கே குழாய்நீர் சற்றே காரத்தன்மை கொண்டது. தொட்டி மண்ணில் கட்டுமானச் சிமெண்டுத் துகள்களும் கலந்திருக்கலாம். ஆகவே பெருந்தோட்டத்து மண்ணுக்குச் சொல்லும் கரியின் அளவை நம் தொட்டிக்கு அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. நன்கு மக்கிய இலை உரத்தை முதன்மையாக வைத்து, உமிக்கரியைக் கழுவி, கலவையில் பத்தில் ஒரு பங்குக்கு மிகாமல் சேர்க்கிறேன். இளந்தளிர் வெளுத்து நரம்பு மட்டும் பச்சையாகத் தெரிந்தால், பிஎச் ஏறி இரும்பு வேருக்குக் கிடைக்கவில்லை என்று பெரும்பாலும் கொள்ளலாம்; தாளால் சோதித்துப் பார்க்கும் வரை கரியை நிறுத்திவிடுங்கள்.