மழை எது, கீறல் எது

"உங்களுக்குக் காது கேக்குதா இல்லையா?" என்ற கேள்வி எங்கள் வீட்டில் ஒரு நாளைக்கு நான்கைந்து முறை எழும். கேட்பவள் மனைவி, கேட்கப்படுபவன் நான். காலிங் பெல் கேட்காது, போன் கேட்காது, அவள் கூப்பிடுவது அறவே கேட்காது, தட்டில் தூசி விழுந்தால் மட்டும் கேட்கும் என்பது அவள் வாசிக்கும் குற்றப்பத்திரிகை. நான் மறுத்ததில்லை. பாம்புச் செவி எல்லாச் சத்தத்துக்கும் திறக்காது என்று மட்டும் பதில் சொல்லிவந்தேன், போன மழைக்காலம் வரை.

நான் இசைத்தட்டு சேர்க்கிறவன். ஒரே வகையோடு நின்றிருந்தால் கொஞ்சம் மரியாதையாவது மிஞ்சியிருக்கும். ஜாஸ் மட்டும் சேர்ப்பவரிடம் ஒரு பேராசிரியர் களை இருக்கும். மேற்கத்திய செவ்வியல் மட்டும் சேர்ப்பவர் பேசவே மாட்டார், கண்ணை மூடித் தலையசைப்பார். எனக்கு அந்த ஒழுக்கம் வாய்க்கவில்லை. வீணைக்குப் பக்கத்தில் ரெக்கே, அதற்குப் பக்கத்தில் வாக்னர், வாக்னரின் தோளில் சாய்ந்துகொண்டு டிஸ்கோ. நடுநடுவே போசா நோவா, புளூஸ், யாரோ யாருக்கோ அக்கார்டியன் கற்றுக்கொடுக்கும் தட்டு ஒன்று. எல்.பி. எனப்படும் பெரிய இசைத்தட்டு ஒன்று உறையோடு சேர்த்தால் ஏறத்தாழ கால் கிலோ வரும். என்னிடம் 400 இருக்கின்றன. அதாவது 100 கிலோ சங்கீதம். பீரோவைக்கூட நகர்த்திவிடலாம், இந்த அலமாரியை முடியாது என்பதால் அது முதல் நாள் வைத்த இடத்திலேயே, ஜன்னலுக்கு அடியிலேயே நின்றுவிட்டது. இதைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

சங்கீதத்தில் ஒழுக்கம் வராவிட்டாலும் சேர்ப்பவர்களின் கெட்ட பழக்கங்கள் எல்லா வகையிலிருந்தும் வந்து ஒட்டிக்கொண்டன. ஜாஸ்காரர்கள் தட்டைக் கையில் எடுத்ததும் பாட்டுப் பட்டியலைப் பார்க்க மாட்டார்கள். கடைசிப் பாட்டுக்கும் லேபிளுக்கும் நடுவே வழவழவென்று ஓர் இடம் இருக்கிறதே, அதை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்ப்பார்கள். ப்ளூ நோட் என்ற ஜாஸ் நிறுவனத்தின் பழைய தட்டு என்றால் அங்கே ரூடி வான் கெல்டரின் முத்திரை இருக்கிறதா என்று தேடுவார்கள். ஒலிப்பதிவு செய்த மனிதரே தட்டுக்கான தடத்தையும் வெட்டியிருக்கிறார் என்பதற்கு அது சாட்சி. நான் இந்தச் சோதனையை அக்கார்டியன் பாடத்துக்கும் செய்வேன். கையில் டார்ச், கண்ணில் பூதக்கண்ணாடி.

"அப்பா பாட்டுக் கேக்கறதில்ல, படிக்கிறார்" என்று மகள் அவள் தோழியிடம் போனில் சொன்னது, வழக்கத்துக்கு மாறாக, எனக்குக் கேட்டுவிட்டது.

அவளுக்கு அந்தத் தைரியம் வந்ததற்கு ஒரு பழைய கதை உண்டு. எல்.பி. நிமிடத்துக்கு 33⅓ சுற்று சுற்றும், 1948-ல் கொலம்பியா கொண்டுவந்தது. அடுத்த ஆண்டே ஆர்.சி.ஏ. விக்டர் 7 அங்குலத்தில் 45 சுற்றுத் தட்டை இறக்கியது. சின்னது என்றால் 45, பெரியது என்றால் 33 என்று நான் நிம்மதியாக வாழ்ந்துகொண்டிருந்தேன். 1970-களின் நடுவில் டிஸ்கோ நடன அரங்குகளுக்காக 12 அங்குலத்திலேயே ஒற்றைப் பாட்டுத் தட்டுகள் வரத் தொடங்கின என்பதும், அவற்றில் பல 45-ல் சுற்ற வேண்டியவை என்பதும் தெரியாது. அப்படி ஒன்றை மூன்று வாரம் 33-ல் கேட்டேன். "என்ன ஒரு கனமான குரல்! வாழ்க்கையில் அடிபட்ட மனுஷன் பாடுறான்" என்று வந்தவர் போனவரிடமெல்லாம் உருகினேன். ஒருநாள் மகள் லேபிளைப் படித்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் வேகப் பொத்தானை அழுத்தினாள். பாடியது ஒரு பெண். துள்ளிக் குதிக்கிற பாட்டு. 45-ஐ 33-ல் ஓட்டினால் சுருதி ஏறத்தாழ ஐந்து அரைச்சுரம் இறங்கிவிடும். அந்த ஐந்து அரைச்சுரத்துக்குள்தான் நான் அத்தனை சோகத்தையும் கண்டுபிடித்திருந்தேன்.

இருக்கட்டும். மழைக்கு வருகிறேன்.

கலந்துகட்டி வாங்கிய ஒரு கட்டில் அந்தத் தட்டு வந்தது. பாட்டு இல்லை, வெறும் சத்தங்கள். நாடகம் போடுகிறவர்களுக்காகவும் வானொலிக்காரர்களுக்காகவும் இப்படி நிறைய வந்திருக்கின்றன. முதல் பக்கத்தில் அழைப்பு மணி மூன்று தடவை, பிறகு ஒரு நாய், பிறகு குழந்தை அழுகை, கார் கிளம்புவது, சரளைக்கல்லில் யாரோ நடப்பது. நான் அதைச் சோதித்த காலையில் மனைவி இரண்டு தடவை வாசல் கதவைத் திறந்து பார்த்துவிட்டு வந்தாள். மூன்றாவது தடவை வாசலுக்குப் போகவில்லை, என்னிடம் வந்தாள்.

இரண்டாவது பக்கம் முழுக்க மழை. அங்கேதான் ஒரு தத்துவச் சிக்கல். அது பழைய தட்டு. பழைய தட்டில் 'பட் பட்' என்று பொரியும். மழையும் 'பட் பட்' என்றுதான் பெய்யும். எது தட்டின் குறை, எது வானத்தின் கொடை? தட்டைக் கழுவினேன், மென்மையான பிரஷ் போட்டுத் தேய்த்தேன், காயவைத்து மறுபடி போட்டேன். அப்போதும் மழை. கடைசியில் கணக்குதான் கைகொடுத்தது. நிமிடத்துக்கு 33⅓ சுற்று என்றால் ஒரு சுற்றுக்கு 1.8 விநாடி. தட்டில் குறுக்காக ஒரு கீறல் இருந்தால் ஊசி சுற்றுக்கு ஒருமுறை அதில் இடறும். ஆகவே 1.8 விநாடிக்கு ஒரு 'பட்' என்றால் கீறல், இஷ்டத்துக்கு 'பட்' என்றால் மழை. ஸ்டாப்வாட்சை வைத்துக்கொண்டு ஒரு பக்கம் முழுவதையும் பிரித்து மேய்ந்தேன். இதில் எனக்கு ஏற்பட்ட கர்வத்தைச் சொல்லி மாளாது. கர்வத்தைக் காட்ட ஆள் வேண்டுமே, மனைவியின் தம்பி ஞாயிறு சாயங்காலம் வந்து மாட்டினான்.

அவன் போனில் பாட்டுக் கேட்கிறவன். அவனை ஸ்பீக்கர் இரண்டுக்கும் நேர் எதிரே, முக்கோணத்தின் மூன்றாம் முனையில், ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்காரவைத்தேன். மூலையில் பாஸ், அதாவது அடித்தொனி, தேங்கி 'கும்' என்கிறது, ஜன்னலைத் திறந்தால் கொஞ்சம் வடியும் என்று ஜன்னலை அகலத் திறந்தேன். விளக்கை அணைத்தேன். கண் ஓய்ந்தால்தான் காது விழிக்கும் என்பது அப்போது என் கொள்கை.

இருட்டில் பாடம் நடந்தது. "மாப்ளே, ஒரு பக்கத்துல எத்தனை தடம் இருக்கும் சொல்லு?"

"ஆயிரம் இருக்குமா மாமா?"

"ஒண்ணே ஒண்ணு. ஓரத்துல தொடங்கி சுருண்டு சுருண்டு உள்ள வரும். நீட்டிப் பிடிச்சா கிட்டத்தட்ட அரை கிலோமீட்டர். அந்தத் தடத்துக்கு ரெண்டு சுவர். உட்சுவர்ல இடது ஸ்பீக்கரோட சத்தம், வெளிச்சுவர்ல வலது. ஒரே ஊசி ரெண்டையும் ஒரே நேரத்துல உரசிக்கிட்டுப் போகுது."

அவன் "ஓ" என்றான். அது கொட்டாவி என்று பின்னால் தெரிந்தது.

ஊசியை இறக்கினேன். மழை தொடங்கியது. சில நிமிடம் போயிருக்கும், உள்ளேயிருந்து மனைவியின் குரல்: "என்னங்க, மழை வருது! ஜன்னலைச் சாத்துங்க!"

எனக்குப் பூரித்துப்போயிற்று. "அது ரிக்கார்டும்மா!" என்று கத்திவிட்டு மச்சானிடம் திரும்பி, "பாத்தியா, அடுத்த ரூம்ல இருக்கிறவளையே ஏமாத்திருச்சு" என்றேன்.

கொஞ்ச நேரத்தில் மறுபடி, "துணியெல்லாம் நனையுதுங்க!"

"இதுக்குத்தான் அனலாக் வேணும்கிறது" என்றேன் இருட்டைப் பார்த்து.

அப்போதுதான் அந்தச் சத்தம் வந்தது. பிளாஸ்டிக் தாளில் சொட்டு விழுகிற மாதிரி, கொழுத்த 'டப்'. கொஞ்சம் விட்டு இன்னொரு 'டப்'. அந்தப் பக்கத்தை எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன், இதைக் கேட்டதில்லை. உடனே ஸ்டாப்வாட்ச். 1.1 விநாடி, 2.6, 0.7. ஒழுங்கே இல்லை. கீறல் இல்லை, மழைதான் என்று தீர்ப்பெழுதினேன். அந்தத் தீர்ப்பில் இன்றுவரை ஒரு பிழையும் இல்லை.

"இன்னொண்ணு கவனி. ரெண்டே ஸ்பீக்கர், ரெண்டும் முன்னால இருக்கு. ஆனா சத்தம் முதுகுக்குப் பின்னாலேர்ந்து வருது. எப்பேர்ப்பட்ட ரிக்கார்டிங்!"

பக்கம் முடிந்தது. என் டர்ன்டேபிளில் தானாக நிற்கும் வசதி கிடையாது, ஊசி கடைசிச் சுற்றில் 'சர்ர்ர்' என்று ஓடிக்கொண்டிருந்தது. மழை மட்டும் நிற்கவில்லை. "தட்டு முடிஞ்ச பிறகும் காதுல நிக்குது பாரு" என்றேன். என் குரல் கொஞ்சம் தழுதழுத்தது.

"மாமா," என்றான் மச்சான், "என் முதுகு நனையுது."

விளக்கைப் போட்டோம். ஜன்னல் வழியாகச் சாரல் தாராளமாக வந்து அலமாரியின் மேல் தட்டைக் கழுவிக்கொண்டிருந்தது. எனக்குப் பிரியமான ஜாஸ் தட்டுகளுக்கு மட்டும் பிளாஸ்டிக் மேலுறை போட்டிருந்தேன், வாய் மேல்நோக்கி. டிஸ்கோவுக்கும் ரெக்கேக்கும் எதற்கு என்று விட்டுவிட்டேன். மேலுறை இல்லாதவை நனைந்திருந்தன, அவ்வளவுதான். மேலுறை போட்டவை ஒவ்வொன்றும் பையாகித் தண்ணீர் பிடித்துவைத்திருந்தன, உள்ளே மீன் விடலாம் போல.

எல்.பி. செய்திருக்கும் வினைல் என்ற பிளாஸ்டிக்குக்குத் தண்ணீரால் ஒன்றும் ஆகாது. அட்டைதான் ஊறும், லேபிள்தான் உரியும். சீக்கிரம் உருவி எடுக்காவிட்டால் உள்ளுறைக் காகிதம் தட்டிலேயே ஒட்டிக்கொள்ளும். இதெல்லாம் எனக்குத் தெரியும், ஆனால் அந்த நேரத்தில் வாயிலிருந்து வந்தது "ஐயோ, ஐயோ" மட்டும்தான். காரியம் செய்தது மனைவி. சமையலறையிலிருந்து தட்டு ஸ்டாண்டைக் கொண்டுவந்து வைத்தாள். சாப்பாட்டுத் தட்டு நிற்கிற கம்பிகளுக்கிடையே இசைத்தட்டும் அச்சாக நின்றது. அட்டைகளைக் கொடியில் கிளிப் போட்டு மாட்டினாள். அறுபதுக்கு மேல் இருந்தன.

உதவிக்கு வந்தவர்கள்தான் மழையைவிட ஆபத்து. மகள் ஹேர் டிரையரை எடுத்துவந்து ஒரு ரெக்கே தட்டைப் பாசத்தோடு உலர்த்தினாள். வினைலுக்குத் தண்ணீர் நண்பன், சூடு எதிரி. நான் பார்த்து ஓடுவதற்குள் ஓரம் அலையடித்துவிட்டது. இப்போதும் ஊசி அதன்மேல் படகு போல ஏறி இறங்கித்தான் போகிறது. ரெக்கே என்பதால் வெளியே அவ்வளவாகத் தெரியவில்லை.

மச்சான் அதற்குள் நிமிடத்துக்கு 78 சுற்று சுற்றும் பழங்காலத் தட்டு ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு, பஞ்சில் ஸ்பிரிட்டை ஊற்றிவிட்டான். நான் போட்ட கூச்சலில் பஞ்சு தரையில் விழுந்தது. பழைய 78 வினைல் இல்லை, அரக்கு. அரக்குப் பூச்சி சுரக்கும் அதே பிசின். ஸ்பிரிட்டில் கரைந்துவிடும், துடைத்தால் பாட்டு பஞ்சோடு வந்துவிடும். "1902-ல கௌஹர் ஜான்ங்கிற பாடகி பாடினதெல்லாம் இந்த அரக்குத் தட்டுலதான் வந்துச்சு தெரியுமா? மூணு நிமிஷத்துக்குள்ள பாட்டை முடிச்சு, கடைசியில 'மை நேம் இஸ் கௌஹர் ஜான்'னு இங்கிலீஷ்ல..."

"பாடம் அப்புறம், இதைப் பிடிங்க" என்று மனைவி என் இரண்டு கையிலும் ஈர வாக்னரைத் திணித்தாள். ஐந்து தட்டு கொண்ட பெட்டி. அது காய மூன்று நாள் ஆயிற்று.

காய்ந்த பிறகு மூன்று பேரும் சேர்ந்து, என்னை அறைக்குள் விடாமல், எல்லாவற்றையும் உறையில் போட்டு அடுக்கினார்கள். பாதி லேபிள்களில் எழுத்து கரைந்திருந்ததால் எந்தத் தட்டு எந்த உறைக்கு என்பதை அவரவர் மனச்சாட்சிக்கு விட்டிருக்கிறார்கள். அடுக்கியது வகைவாரியாக அல்ல, நிறவாரியாக. "பச்சையெல்லாம் ஒரு பக்கம், நீலமெல்லாம் ஒரு பக்கம். இப்பத்தான் ஹால் மாதிரி இருக்கு" என்றாள் மனைவி. பார்க்க அழகாகத்தான் இருந்தது, அதை நான் அவளிடம் சொல்லவில்லை.

வீணை உறையைத் திறந்தால் போசா நோவா வருகிறது. புளூஸ் எடுத்தால் அக்கார்டியன் பாடம், எதை எடுத்தாலும் அக்கார்டியன் பாடம் வருவது போல் ஒரு பிரமை. நானும் மகளும் இதை ஒரு விளையாட்டாகவே ஆக்கிவிட்டோம். ஊசி இறங்கும் முன், உறையைப் பார்க்காமல், தட்டின் தடத்தை மட்டும் பார்த்து என்ன வகை என்று சொல்ல வேண்டும். தடம் நெருக்கமாக, கறுத்துத் தெரிந்தால் அமைதியான பகுதி, அகலமாக வெளிறி நெளிந்தால் சத்தமும் பாஸும். பத்தில் அவள் ஏழு சொன்னாள். என் மதிப்பெண் இந்தப் பதிவுக்குத் தேவையில்லை.

அந்தச் சத்தத் தட்டு மட்டும் எந்த உறைக்குள் போயிற்று என்று யாருக்கும் தெரியவில்லை. வரும்போது வரட்டும் என்று விட்டுவிட்டேன்.

நேற்று ராத்திரி ஓர் ஆபரா உறையை எடுத்தேன். தட்டை வைத்து, சுழலவிட்டு, தூசி துடைத்து, விளக்கை அணைத்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தேன். அழைப்பு மணி அடித்தது. சிரிப்பு வந்துவிட்டது, ஆக இங்கேதான் ஒளிந்திருக்கிறாயா! மணி இன்னொரு தடவை. மூன்றாவது தடவை. அடுத்து நாய் குரைக்கும் என்று கண்ணை மூடிக் காத்திருந்தேன். குரைக்கவில்லை. நான்காவது தடவையும் மணியே அடித்தது. சரி, கீறல் விழுந்து ஊசி ஒரே இடத்தில் மாட்டிக்கொண்டது போல என்று எழுந்து போய்ப் பார்த்தேன்.

தட்டு சுழன்றுகொண்டிருந்தது. ஊசியை நான் இன்னும் இறக்கவே இல்லை.