நடுக்கட்டம்

நீலகிரியில் கூடலூர்ப் பக்கத் தேயிலைத் தோட்டங்களில், லயம் லயமாக (தொழிலாளர்களின் வரிசை வீடுகள்) ஏறி இறங்கிக் கேள்வித்தாள் நிரப்பியிருக்கிறேன். ஆய்வின் பொருள் ‘குடியுரிமை உணர்வு’. ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ‘முழுமையாக ஒப்புக்கொள்கிறேன்’ தொடங்கி ‘முற்றிலும் ஒப்புக்கொள்ளவில்லை’ வரை ஐந்து கட்டங்கள்; நடுவில் இருப்பது ‘இரண்டுமில்லை’. ரென்சிஸ் லைக்கர்ட் 1932-இல் வகுத்த அளவுகோல். சமூக உளவியல்காரர்களுக்கு அது இல்லாமல் விடியாது.

அங்கே இருப்பவர்களில் பலர் தாயகம் திரும்பியோர், அதாவது இலங்கைத் தோட்டங்களிலிருந்து வந்த இந்திய வம்சாவளித் தமிழர்கள். 1948 குடியுரிமைச் சட்டத்தால் இலங்கையில் நாடற்றவர்களாகி, 1964 சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தில் எண்ணிப் பிரிக்கப்பட்டவர்கள்: இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000, மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று. இவர்களுக்கு வேலை கொடுக்கத்தான் 1968-இல் அரசுத் தேயிலைத் தோட்டமே தொடங்கினார்கள்.

முதல் வீட்டில் ஒரு பாட்டி. ‘இந்நாட்டின் குடிமகளாக இருப்பதில் பெருமைப்படுகிறேன்.’ “ஆமான்னு போட்டுக்கங்க தம்பி.” ‘வேறு நாட்டில் வாழ நேர்ந்தாலும் எனக்குக் கவலையில்லை.’ அதற்கும் ஆமாம். எதைக் கேட்டாலும் தலையாட்டுபவர்களைக் கண்டுபிடிக்கத்தான் இப்படித் தலைகீழ் வாக்கியங்களைக் கலப்பார்கள். பாட்டியும் அந்த ரகம் என்று நினைத்துக்கொண்டேன்.

அவரோ உள்ளே போய் ஒரு மஞ்சப்பையைக் கொண்டுவந்தார். மண்டபம் முகாமில் கொடுத்த அட்டை, பழைய பாஸ்போர்ட், ரேஷன் கார்டு, ஆதார். “இதுல எது பத்தலைங்க?” என்றார். சரிபார்க்க வந்த ஆள் என்று என்னை நினைத்திருக்கிறார். அந்த ‘ஆமா’வெல்லாம் பெருமையுமில்லை, தலையாட்டலுமில்லை, பயம். கேள்வித்தாளில் அதற்குக் கட்டம் கிடையாது.

பேச்சு கொஞ்சம் இளகியபின் சொன்னார்: “அங்க கள்ளத்தோணின்னாங்க. இங்க வந்தா சிலோன்காரின்றாங்க. நீங்க எதையாவது போட்டுக்கங்க.” நடுக்கட்டத்தில் டிக் அடித்துவிட்டு, அவர் சொன்னதை ஓரத்தில் எழுதினேன். கணினியில் நடுக்கட்டம் 3 என்று ஏறியது. ஓரக் குறிப்புக்கு அங்கே பத்தி இல்லை.

மறுநாள் தாளை மடித்துப் பையில் வைத்துவிட்டு, “எந்த வருஷம் கப்பல் ஏறினீங்க?” என்று ஆரம்பித்தேன். நான்கு வீடு முடிவதற்குள் மேற்பார்வையாளருக்குத் தெரிந்துவிட்டது. ஒரு வீட்டில் ஒரு மாதிரியும் இன்னொரு வீட்டில் வேறு மாதிரியும் கேட்டால் எதை எதோடு ஒப்பிடுவது என்று சத்தம் போட்டார். அவர் சொன்னதும் நியாயம்தான். அந்த நான்கு தாள்களையும் கணக்கில் சேர்க்கவில்லை. அந்த ஒரு மாதத்தில் ‘ஒப்புக்கொள்ளவில்லை’ என்று நான் டிக் அடித்ததே அவற்றில்தான்.