பெல் சைபன் ஒருவழியாக வழிக்கு வந்தது

இரண்டு கல்தொட்டியும் இப்போது ஆள் தொடாமலே நிரம்புகின்றன, நிரம்பியதும் "கொர்ர்" என்று ஒரு சத்தம், மளமளவென்று வடிகின்றன, மறுபடி நிரம்புகின்றன. வால்வைத் திருகும் வேலை இல்லை. நடுச்சாமத்தில் டோர்ச் அடித்துப் பார்க்கும் வேலையும் இல்லை. திருகோணமலையில் என்னைவிடப் பெரிய மீன்–செடித் தொகுதி வைத்திருப்பவர்கள் இருக்கலாம். ஆனால் அரைப் பரலில் இப்படிச் சுத்தமாக மூச்சு விடும் சைபன் வைத்திருப்பவர் இருந்தால் காட்டட்டும், தேத்தண்ணி என் செலவு.

அமைப்பு இதுதான்: மேல்பக்கம் வெட்டிய 500 லீற்றர் கறுப்புத் தண்ணீர்த் தாங்கியில் திலாப்பியா. அதற்கு மேலே, புளொக் கல் அடுக்கில், நெடுக்காகப் பிளந்த நீலப் பரலின் இரண்டு பாதிகள், முக்கால் இஞ்சி கருங்கல் நிரப்பியது. தாங்கிக்குள் ஒரு மூழ்கு பம்ப்; அது மீன் தண்ணீரைச் செடி நிற்கும் கல்தொட்டிகளுக்கு ஏற்றும், வடிவது திரும்பத் தாங்கிக்கே. மீன் கழிவின் அமோனியாவைப் பக்டீரியா நைத்திரைற்றாக்கி, பிறகு செடிக்கு உரமாகும் நைத்திரேற்றாக்கும் கதையெல்லாம் எல்லோருக்கும் தெரிந்தது, விட்டுவிடுகிறேன். நம்மூர் வெக்கையில் அது சுணங்காமல் நடக்கும்.

பாடாய்ப் படுத்தியது சைபன்தான். தொட்டிக்குள் நிமிர்ந்து நிற்கும் ஒரு நடுக்குழாய், அதன்மேல் கவிழ்த்த, தலை மூடிய அகன்ற குழாய் (இதுதான் மணி, பெல்). நீர் நடுக்குழாயின் தலையைத் தாண்டியதும் மணிக்குள் இருக்கும் காற்றை இழுத்துக்கொண்டு போய்த் தொட்டியை முழுக்க வடிக்கவேண்டும், அதுதான் பற்றுவது. வற்றியதும் காற்று புகுந்து தானாக நிற்கவேண்டும், அதுதான் விடுவது.

யூடியூப்பில் பார்க்கிற வெள்ளைக்காரர் எல்லோரும் ஒரு இஞ்சி நடுக்குழாய் போடுகிறார்கள். அவர்களுடைய தொட்டி ஆயிரம் லீற்றர் கொள்கலனில் வெட்டியது, பம்பும் அதற்கேற்ற பெரிசு. என் அரைப் பரலில் கல் போக மிஞ்சுவது ஏறத்தாழ 30 லீற்றர் தண்ணீர். அதற்குள் மணிக்கு முந்நூறு லீற்றர் போல விடுகிறேன். (அளப்பதற்கு மீற்றர் எதுவும் வேண்டாம். ஐந்து லீற்றர் வாளி ஒரு நிமிடத்தில் நிரம்பினால் மணிக்கு 300.) இந்த நீர் ஒரு இஞ்சிக் குழாய்க்குக் காணாது. குழாயின் உட்சுவரை ஒட்டி மெல்லிய படலமாக வழிந்து போய்க்கொண்டே இருக்கும், நடுவில் காற்றுக்குத் தாராளமாக வழி. குழாய் முழுவதையும் நீர் அடைத்து இறங்கினால்தானே காற்றை இழுத்துக்கொண்டு போகும்? அடைக்காதவரை சைபன் பற்றாது. தொட்டி நிரம்பிய மட்டத்திலேயே நின்று, வருகிற நீர் அப்படியே வழிந்து போகும். வேருக்கு மூச்சுமுட்டல்.

சரி, வால்வை இன்னும் திறந்து நீரைக் கூட்டினால்? பற்றும். அதற்குப் பிறகு விடாது. தொட்டி அடிவரை வற்றியதும் மணியின் காலடியில் கொஞ்சம் காற்று, கொஞ்சம் தண்ணீர் என்று "ஸ்ஸ்ஸ்" என உறிஞ்சிக்கொண்டே கிடக்கும். வருகிற நீரும் போகிற நீரும் சரிக்குச் சரி. தொட்டி நிரம்பவே நிரம்பாது.

ஆக இரண்டு எல்லை. ஒன்றுக்குக் கீழே போனால் பற்றாது, மற்றதற்கு மேலே போனால் விடாது. இரண்டுக்கும் இடைப்பட்ட இடம் என் முதல் அமைப்பில் நூல் அகலம்தான். காலையில் வால்வை அந்த இடத்தில் நிறுத்திவிட்டு வேலைக்குப் போனால், பின்னேரம் வரும்போது அது வேறு எங்கேயோ நிற்கும். பம்பின் வாயில் உள்ள பஞ்சில் மீன் எச்சம் கொஞ்சம் பிடித்தால் நீர் குறையும். கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் தாங்கியின் மட்டம் கண்ணுக்குத் தெரியவே இறங்கும், பம்ப் தூக்கவேண்டிய உயரம் அந்தளவுக்குக் கூடும், நீர் இன்னும் குறையும். எத்தனையோ பேர் "வால்வைப் பொறுமையாகச் சரிசெய்யுங்கள்" என்று ஆலோசனை சொல்கிறார்கள். நான் சொல்வது, வால்வை விடுங்கள். இரண்டு எல்லையையும் தூரத் தூரத் தள்ளி வையுங்கள். நடுவில் இடம் அகலமானால் பஞ்சு அடைத்தாலும் மட்டம் இறங்கினாலும் சைபன் கவலைப்படாது.

கீழ் எல்லையை இறக்கியது மூன்று விசயம்.

நடுக்குழாயை 20 மில்லிமீற்றருக்கு மாற்றினேன். அதன் தலையில் 32க்கு 20 ரிடியூசர் சொக்கட் ஒன்றை, அகன்ற வாய் மேலே பார்க்க, குத்தினேன். இதுதான் புனல். அகன்ற விளிம்பில் சுற்றிவர வழிகிற நீர் கீழே ஒடுங்கும்போது கட்டியாகச் சேர்ந்து குழாயை அடைத்துவிடும். அடுத்தது, தொட்டிக்குக் கீழே குழாயின் முனையில் இரண்டு எல்போ. அந்த வளைவில் கொஞ்சம் நீர் தேங்கி நிற்கும், வெளிக்காற்று மேலே ஏற வழி இல்லை. இது கழிவறைக் குழாயின் வளைவு செய்கிற அதே வேலைதான். மூன்றாவதை அநேகர் கவனிப்பதில்லை: வெளியே வரும் முனை தாங்கியின் நீருக்குள் மூழ்கக் கூடாது. மூழ்கினால் உள்ளே அகப்பட்ட காற்று வெளியேற இடமில்லாமல் நிற்கும். தாங்கியில் புதுத் தண்ணீர் விட்ட அன்றெல்லாம் என் சைபன் பற்றாமல் சண்டித்தனம் பண்ணியதற்குக் காரணம் அந்த ஒரு சாண் குழாய்தான். வெட்டி எறிந்தேன், தீர்ந்தது.

மேல் எல்லைக்கு ஒரேயொரு வைத்தியம். இதைச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன்.

மணி என்பது 63 மில்லிமீற்றர் குழாய், தலையில் எண்ட் கேப், காலடியில் ஒரு சென்றிமீற்றர் உயரத்துக்கு வாள் வெட்டு. அதன் கேப்பில் சிறு ஓட்டை போட்டு பார்மசியில் வாங்கிய சேலைன் குழாயைச் செருகி, அரல்டைட் வைத்து அடைத்தேன். அதில் ஊசிமுனை அளவு கசிவு இருந்தாலும் சைபன் பற்றாது. காய்ந்த பிறகு வாளித் தண்ணீரில் அமுக்கி ஊதிப் பாருங்கள், குமிழி வரக்கூடாது. குழாயின் மறுமுனை மணிக்கு வெளிப்பக்கமாகக் கீழே வருகிறது. அந்த முனையைச் சும்மா தொங்கவிடாமல், பாணி மருந்துப் போத்தலோடு வரும் அளவுக் கிண்ணம் ஒன்றுக்குள் விட்டு, கிண்ணத்தைக் கேபிள் டையால் மணியோடு சேர்த்துக் கட்டினேன். கிண்ணத்தின் விளிம்பு, காலடி வெட்டுக்குச் சற்று மேலே நிற்கவேண்டும்.

நடப்பது என்ன? நீர் இறங்கி விளிம்புக்குக் கீழே போனதும் கிண்ணம் மட்டும் நிறைந்து நிற்கும். சேலைன் குழாய் அதை ஒரே இழுப்பில் உறிஞ்சி முடிக்கும். கிண்ணம் காலி. அடுத்த இழுப்பில் வருவது முழுக்கக் காற்று. அது நேரே மணியின் உச்சிக்குப் போகிறது, சைபன் பட்டென்று அறுகிறது. காலடியில் தயங்கித் தயங்கிக் குமிழி விடுகிற பேச்சே இல்லை. கிண்ணம் இல்லாமல் குழாயை மட்டும் விட்டும் பார்த்தேன். நீர் மட்டம் மெதுவாக இறங்கும்போது முனை பாதி நீர், பாதி காற்று என்று இழுக்கிறது. கிண்ணம்தான் வித்தை.

மணியைச் சுற்றிக் கல் வராமல் 110 குழாயில் வாளால் கீறிய காவல் குழாய் போட்டிருக்கிறேன். அதனால் மணியை எப்போது வேண்டுமானாலும் தூக்கிக் கழுவலாம்.

ஹார்ட்வெயார் முதலாளிக்கு என் முகம் மனப்பாடம். கடைசியாகப் போனபோது, "தம்பி, நீங்க வீடு கட்டுறீங்களா, இல்ல கடைய வாங்கப் போறீங்களா?" என்றார். எல்போவும் ரிடியூசரும் சில்லறையாக வாங்கினால் கை கடிக்காது என்று நினைப்போம். கூட்டிப் பார்த்தால் பம்பின் விலையை எட்டிவிடும். எஸ்லோன் குழாயில் வெட்டுத் துண்டு கேட்டால் சில கடைகளில் தருவார்கள், முழு நீளம் வாங்கத் தேவையில்லை.

இன்னொரு தலையிடி, பரலின் அடி வளைவானது. தட்டையான அடியில் ஓட்டை போட்டு, ஒன்றுக்குள் ஒன்று திருகும் வால்வு சொக்கட்டையும் ஃபோசெட் சொக்கட்டையும் இரு பக்கத்திலிருந்தும் இறுக்கினால் வேலை முடிந்தது. வளைவில் வொஷர் இரண்டு பக்கம் பிடிக்கும், இரண்டு பக்கம் தூக்கும். கடையில் விற்கிற வொஷர் சரிவராது. பழைய லொறி டியூப்பில் வெட்டிய தடித்த ரப்பர், உள்ளே ஒன்று வெளியே ஒன்று. ஓட்டையும் சின்னது என்பதால் வளைவு அவ்வளவாகத் தெரியாது, நடுக்குழாயை 20 ஆக்கியதில் கிடைத்த கூடுதல் லாபம் இது.

கல் விசயத்தில் ஒரு வார்த்தை. கடற்கரைப் பக்கம் கிடைக்கிற எந்தக் கல்லையும் வினாகிரி சோதனை இல்லாமல் போடாதீர்கள். நம் கரையில் சிப்பியும் சுண்ணாம்பும் எதிலும் கலந்திருக்கும். இரண்டு துளி விட்டு நுரைத்தால் வேண்டாம். சுண்ணாம்பு கரையக் கரைய பிஎச் எட்டைத் தாண்டும், ஏழிலிருந்து எட்டுக்குப் போனாலே அமோனியாவின் நச்சுப் பங்கு பத்து மடங்கு போலக் கூடும். அதே சுண்ணாம்புள்ள மட்டி ஓடுகளை வலைப்பையில் கட்டி வைத்திருக்கிறேன் என்பது வேறு கதை. பக்டீரியா வேலை செய்யச் செய்ய பிஎச் தானாக இறங்கும், 6.5ஐ நெருங்கினால் பையைத் தாங்கிக்குள் இறக்குவேன், ஏழுக்கு வந்ததும் தூக்கிவிடுவேன். காசு இல்லாத மருந்து.

தண்ணீர் குழாய்த் தண்ணீர்தான், கந்தளாயிலிருந்து வருவது. குளோரின் போக ஒரு நாள் வாளியில் திறந்து வைத்துவிட்டு விடுகிறேன். கிணறு உவர், அந்தப் பக்கமே போகவில்லை.

செடி என்று பார்த்தால் கங்குன் கீரைதான் ராசா. வெட்ட வெட்ட வருகிறது. பொன்னாங்காணியும் பரவாயில்லை. தக்காளி பூக்கிறது, காய் பிடிக்கச் சோம்பல், பொட்டாசியம் குறைவு என்று சந்தேகம். மீன் தீனில் அது போதாது. நடுவில் கங்குனின் இளம் இலை மஞ்சளாகி, நரம்பு மட்டும் பச்சையாக நின்றது. இரும்புச் சத்துக் குறைவு. விவசாய மருந்துக் கடையில் ஈடிடிஏ இரும்பை (இரும்பைக் கரைந்தபடி பிடித்து வைக்கும் சேர்மத்தோடு வருவது) நீட்டினார்கள். பிஎச் ஏழில் அது நிற்காது, டிடிபிஏ என்று கேட்டு வாங்குங்கள். லீற்றருக்கு 2 மில்லிகிராம் இரும்பு வேண்டும். 11 சதவீதச் சரக்கு என்றால் என் தொகுதிக்கு ஏறத்தாழ 10 கிராம். தண்ணீர் தேத்தண்ணி நிறமாகும், மீனுக்கு ஒன்றும் ஆகாது.

முதல் கங்குனை நாங்கள் சாப்பிடவில்லை. கோட்டை மான்கள் சாப்பிட்டன. பிரெட்றிக் கோட்டைக்குள் நிற்கும்போது எல்லோரும் படம் எடுக்கிற அதே மான்கள்தான், இருட்டினால் ஒழுங்கைக்குள் வந்து வேலிக்கு மேலால் கழுத்தை நீட்டுகின்றன. வெளியூர்க்காரருக்கு அழகு, எனக்கு நாலடி கம்பிவலைச் செலவு.

பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து பார்த்துவிட்டும் போனார். 2017இல் கிண்ணியாவை டெங்கு போட்டு ஆட்டிய பிறகு தேங்கிய நீர் என்றால் யாரும் சும்மா விடுவதில்லை, விடவும் கூடாது. தாங்கிக்குள் மீன், கல்தொட்டியிலோ நீர் மேற்பரப்புக்கு வருவதில்லை, கல்லுக்கு இரண்டு இஞ்சி கீழேயே நிற்கிறது. கையை விட்டுப் பார்த்துச் சரி என்றார். வெளியே வைத்திருந்த மழைநீர் வாளிக்கு மட்டும் ஏச்சு. அதிலும் இப்போது கப்பி நீந்துகிறது.

தீன் கணக்கு கேட்பவர்களுக்கு: ஐ.நா. உணவு விவசாய அமைப்பு 2014இல் வெளியிட்ட கையேட்டில் இலைக்கறிக்குச் சதுர மீற்றருக்கு நாளொன்றுக்கு 40 முதல் 50 கிராம் என்று இருக்கிறது. என் இரண்டு அரைப் பரலும் சேர்ந்து ஏறத்தாழ ஒரு சதுர மீற்றர், கணக்கு லேசு. மீன் குஞ்சுகள் இன்னும் சிறிசு, அவ்வளவு தின்னாது. பொரிக்க இப்போதே நாள் பார்க்கிறா அம்மா. சைபன் சத்தம் கேட்கப் பிந்தினால் குசினிக்குள்ளிருந்தே, "என்ன மகன், உன்ர பரல் இண்டைக்கு மூச்சு விடேல்லையோ?" என்று கேட்பா. அலாரம் தனியாகத் தேவையில்லை.

கரண்ட்தான் மிச்சப் பயம். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உபமின் நிலையத்தில் குரங்கு பாய்ந்து நாடே இருண்டதை மறந்திருக்க மாட்டீர்கள். திலாப்பியா கொஞ்சம் தாக்குப் பிடிக்கும், அதற்காகச் சோதித்துப் பார்க்க எனக்கு விருப்பமில்லை. மோட்டார் சைக்கிள் பற்றரியில் ஓடும் சின்னக் காற்றுப் பம்ப் ஒன்று, கரண்ட் போனால் தானாகத் தொடங்கும் ரிலேயோடு கட்டவேண்டும். ரிலே வாங்கியாயிற்று, மேசை லாச்சிக்குள் கிடக்கிறது.

அதற்குள் மனம் மிதவைத் தொட்டிக்குத் தாவிவிட்டது. மீன் சந்தையில் ஐஸ் போட்டு வரும் ரெஜிபோம் பெட்டி மூடிகளை ஓட்டை போட்டு மிதக்கவிட்டால் சலாது வளர்க்கலாம். தெரிந்த வியாபாரி இரண்டு பெட்டி தந்திருக்கிறார். நாற்றம் போக மதிலில் வெயிலுக்கு வைத்திருக்கிறேன், பூனைகள் முறை வைத்து வந்து நக்கிப் பார்க்கின்றன. மாரிக்கு முன் தாங்கியில் மேல்வழியும் குழாய் ஒன்று போட்டாக வேண்டும், இல்லாவிட்டால் முதல் அடைமழையில் குஞ்சுகள் முற்றத்தில் நீந்தும். அதற்குத் தாங்கிச் சுவரில் குழாயைப் பொருத்தும் 40 மில்லிமீற்றர் டேங்க் நிப்பிள் வேண்டும், இங்கே கேட்ட கடைகளில் இல்லை. யாராவது மட்டக்களப்பு, வவுனியாப் பக்கம் கண்டால் விலையோடு சொல்லுங்கள்.