பருவங்கள் நான்கில் இரண்டு முடிந்தன

18ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்துப் பெரிய வீட்டு விருந்துகளில், கடைசியாக இனிப்பு வைக்கும் மேசையில் பொம்மைகளும் நிற்கும். முதலில் அவை சர்க்கரைப் பசையில் செய்தவை. ஜெர்மனியின் மைசென் தொழிற்சாலை அவற்றைப் பீங்கானில் செய்துகாட்டியதும் லண்டனில் செல்சி, போ என்ற தொழிற்சாலைகளும், வடக்கே டார்பி தொழிற்சாலையும் அதே வழியில் இறங்கின. வெறும் அழகுப் பொம்மைகள் அல்ல இவை. பருவங்கள் நான்கு, புலன்கள் ஐந்து, கண்டங்கள் நான்கு என்று ஒவ்வொன்றும் ஒரு கருத்துக்கு ஆள் உருவம். கையில் என்ன இருக்கிறது என்று பார்த்தால் யார் என்று தெரிந்துவிடும்.

அப்படிப்பட்ட பொம்மைகளை நானும் செய்து பார்க்கிறேன், எடுத்துக்கொண்டது பருவங்கள். கண்டங்கள்தான் கூட்டத்தைக் கவரும், ஆனால் செய்ய மனம் வரவில்லை. ஐரோப்பாவுக்குக் கிரீடம், ஆப்பிரிக்காவுக்கு யானைத்தலைத் தொப்பி, அமெரிக்காவுக்கு இறகுகள், ஆசியாவுக்கு ஒட்டகமும் தூபச் சட்டியும்! அந்தக் கணக்கில் நானும் ஒட்டகத்தின் பக்கத்தில்தான் நிற்க வேண்டும்.

களிமண் வேலைக்குப் போவது கிழக்கு லண்டனில் ஒரு பொதுப் பட்டறைக்கு. பழைய போ தொழிற்சாலை நின்ற ஸ்ட்ராட்ஃபோர்டு அங்கிருந்து அதிக தூரமில்லை. போவில் எலும்புச் சாம்பல் கலந்த கலவையை அச்சில் அழுத்தி உருவாக்குவார்கள். செல்சியில் கலவையை நீர்க்கக் கரைத்து பிளாஸ்டர் அச்சில் ஊற்றுவார்கள். நான் ஊற்றும் முறையைத்தான் எடுத்துக்கொண்டேன். பிளாஸ்டர் நீரை உறிஞ்ச உறிஞ்ச ஓரத்தில் தோல் மாதிரி ஒரு படலம் கட்டும். அது 3 மில்லிமீட்டர் ஆனதும் மீதியை வெளியே கொட்டிவிட வேண்டும். உடல், தலை, கைகள், கையிலிருக்கும் பொருள் எல்லாவற்றுக்கும் தனித்தனி அச்சு. பிறகு அதே குழம்பைத் தொட்டு ஒட்டிச் சேர்க்கிறோம். ஒட்டும்போது கழுத்து ஒரு நூல் திரும்பினாலும் முகத்தின் குணமே மாறிவிடுகிறது. அந்தக் காலத்தில் இந்த ஒட்டுவேலைக்கென்றே தனி ஆட்கள் இருந்ததில் ஆச்சரியமில்லை. உள்ளே வெற்றிடமாக இருப்பதால் அடியில் ஒரு துளை கட்டாயம். காற்று போக வழியில்லாவிட்டால் சூளையில் வெடித்துவிடும்.

முதலில் முடிந்தது குளிர்காலம். போர்வை போர்த்திய கிழவர், குனிந்து கணப்புச் சட்டியில் கை காய்கிறார். சூளைக்கு இவரைப்போல ஒத்துழைக்கிற ஆள் கிடையாது. போர்வை தரைவரை விழுவதால் எடை முழுக்க அடித்தளத்தில் இறங்கிவிடுகிறது, நீட்டிய கைகளைச் சட்டி தாங்குகிறது. 20 செ.மீ. உயரத்தில் வடித்தவர் சுட்டு வரும்போது 17 செ.மீ.க்குச் சற்று மேல் நின்றார். பீங்கான் 12 முதல் 15 சதவீதம்வரை சுருங்கும் என்பதால் இது எதிர்பார்த்ததுதான்.

இலையுதிர்காலத்தில்தான் விஷயம் இருக்கிறது. திராட்சைக் குலை ஏந்திய இளைஞன், ஒரு கால் முன்னே. இவனை இரண்டு விதமாகச் செய்தேன்: ஒருவனுக்குக் காலுக்குப் பின்னால் கொடி சுற்றிய மரக்கட்டை, இன்னொருவனுக்கு அது இல்லை. இருவரும் ஒரே சூளையில், 1240 டிகிரியில். பீங்கான் வேகும்போது பாதி இளகிய நிலைக்குப் போகிறது. அந்த நேரத்தில் இவ்வளவு உடலையும் இரண்டு கணுக்கால் தாங்க வேண்டும். கட்டை உள்ளவன் நேராக நின்றான். கட்டை இல்லாதவன் கணுக்காலில் மடிந்து, திராட்சையோடு முன்பக்கம் சாய்ந்துவிட்டான்.

அன்றிலிருந்து கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் பழைய பொம்மைகளை வேறு மாதிரி பார்க்கிறேன். கோடைக்குக் கோதுமைக் கட்டு, ஐரோப்பாவுக்குக் குதிரை, அமெரிக்காவுக்கு முதலை என்று அடையாளப் பொருள் பல இடங்களில் காலோடு ஒட்டியே இருக்கிறது. பெயர் சொல்லும் பொருளே முட்டாகவும் நிற்கிறது. 1760களில் செல்சி பொம்மைகளுக்குப் பின்னால் புதர்போல எழுந்த இலையும் பூவும் முதுகைத் தாங்கவும் உதவியிருக்கும். ஆனால் அதை வைத்தபின் பொம்மையை முன்னாலிருந்து மட்டும்தான் பார்க்க முடியும். மேசை நடுவே வைக்கிற பொருளாக இல்லாமல் அலமாரிப் பொருளாகிவிட்டது. எனக்கு அந்தப் புதர் பிடிக்கவில்லை, பின்பக்கம் அவ்வளவு வேலை செய்துவிட்டு மறைப்பானேன்?

ஏலத்துக்கு முந்தைய பார்வை நாளில் ஒரு டார்பி பொம்மையைக் கையில் எடுக்க விட்டார்கள். கவிழ்த்துப் பார்த்தேன். நடுவில் காற்றுத் துளை, சுற்றிலும் மூன்று மங்கலான வட்டக் கறை. மெருகு, அதாவது மேலே பூசும் கண்ணாடிப் பூச்சு, வேகும் சூளையில் பொம்மை அடித்தட்டோடு ஒட்டாமலிருக்க வைத்த களிமண் உருண்டைகளின் தடம் அது. டார்பி என்று அடையாளம் காண இன்றும் இந்தக் கறையைத் தேடுகிறார்கள்.

அடுத்தது கோடை. கோதுமைக் கட்டை இடதுகாலோடு சேர்த்தே வடித்துவிட்டேன், அச்சு காய்ந்துகொண்டிருக்கிறது. வசந்தம் கடைசிதான்: கூடைப் பூக்களுக்கு இதழ் இதழாகக் கையால் கிள்ளி ஒட்ட வேண்டும், அதற்குக் கொஞ்சம் பொறுமை சேரட்டும். நாலும் வந்தபிறகு மெருகின் மேல் வண்ணம், 800 டிகிரிக்குள் இன்னொரு சூடு. கிழவரின் போர்வைக்கு மட்டும் இரும்புச் சிவப்பு என்று இப்போதே முடிவாகிவிட்டது.