பிளாஸ்டிக் சுற்றிய சார்ஜரும் எங்கள் கொண்டோ நிர்வாகமும்

பினாங்கில் கொண்டோவில், அதாவது அடுக்குமாடி வீட்டில், குடியிருந்துகொண்டு மின்சாரக் கார் ஓட்டுகிறவர்களுக்கும், வாங்கலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருப்பவர்களுக்கும் இதை எழுதுகிறேன். தரைவீட்டுக்காரர்கள் தாராளமாகத் தாண்டிப் போகலாம். உங்களுக்கு இந்தத் தலைவலியே கிடையாது, போர்ச்சில் ஒரு பெட்டியை மாட்டி, ராத்திரி காரில் சொருகிவிட்டுத் தூங்கப் போய்விடுவீர்கள்.

நான் இருப்பது சுங்கை ஆரா, வேலை கூலிமில். பத்து மாவுங் போய், 24 கிலோமீட்டர் நீளமுள்ள இரண்டாவது பாலத்தைக் கடந்து, பத்து காவானில் இறங்கி, அங்கிருந்து இன்னும் உள்ளே போக வேண்டும். போக வர நூறு கிலோமீட்டரைத் தாண்டிவிடும். 60 யூனிட் பேட்டரி உள்ள கார் எடுத்தால் மூன்று நாளைக்கு ஒருமுறை சார்ஜ் செய்தால் போதும், பெட்ரோலுக்குக் கொடுக்கிற காசில் பாதிக்கு மேல் மிச்சம் என்று கணக்கு சரியாகத்தான் வந்தது. ஷோரூமிலும், பாயான் லெப்பாஸ் பக்கம் ஒரு பேரங்காடியின் பெயரைச் சொல்லி, "அங்க ஃபாஸ்ட் சார்ஜர் வரப்போகுது பாஸ், உங்க வீட்டுல இருந்து பத்து நிமிஷம்" என்றார்கள்.

பொய் சொல்லவில்லை, வந்தது. கார் கைக்கு வந்த கொஞ்ச நாளிலேயே அந்த அங்காடியின் திறந்தவெளி நிறுத்துமிடத்தில் ஆள் உயர இயந்திரங்கள் இரண்டு நின்றன. தரையில் பச்சைப் பெயிண்ட் அடித்து, மின்சாரக் கார் படம் வரைந்து, சுற்றிலும் ஆரஞ்சுக் கூம்புகளை வைத்திருந்தார்கள். இயந்திரத்தின் மேல் கண்ணாடித்தாள் போன்ற பிளாஸ்டிக், அதன் மேல் 'அக்கான் டாத்தாங்' (விரைவில் வருகிறது) என்று ஒரு தாள். அவ்வளவுதான். மழை பெய்து, வெயில் அடித்து, பிளாஸ்டிக் மஞ்சளாகிக் கிழிந்து, யாரோ வந்து புதுப் பிளாஸ்டிக் சுற்றிவிட்டுப் போனார்கள். பச்சைக் கட்டத்துக்குள் ஒரு மக்சிக், மலாய்க்கார அம்மா, காலையில் நாசி லெமாக் மேசை போட ஆரம்பித்தார். நல்ல சம்பல், அதை மறுக்க மாட்டேன்.

சார்ஜர் நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவைக்கு எழுதினால் "இறுதிக் கட்டத்தில் உள்ளது" என்று பதில் வரும். அடுத்த மாதம் எழுதினாலும் அதே இறுதிக் கட்டம்தான். அங்காடி நிர்வாகத்தில் கேட்டால், இடம் மட்டும்தான் எங்களுடையது, மற்றது அவர்கள் பாடு. மாநகர் மன்ற முகப்பில் கேட்டால் எந்த விண்ணப்பம், எண் என்ன என்றார்கள், அந்த எண் எனக்கு எங்கே தெரியும்? இப்படியே சுற்றிக்கொண்டிருந்த நேரத்தில், எங்கள் கொண்டோவில் மின்வேலை பார்க்க வருகிற வயர்மேன் அண்ணன் ஒருவரிடம் சும்மா பேச்சுவாக்கில் புலம்பினேன். அவர் சிரித்துவிட்டு, "மெஷின் வர்றது என்ன பெரிய காரியம் தம்பி, லோரியில ஏத்தி இறக்கிட்டுப் போயிரலாம். கரண்டு வரணும்ல" என்றார்.

அவர் விளக்கியதும்தான் எனக்கு விஷயமே பிடிபட்டது. சாதாரண சிங்கிள் ஃபேஸ் வீடு ஒன்று எல்லாவற்றையும் முடுக்கிவிட்டாலும் 12 கிலோவாட் அளவுதான் இழுக்க முடியும். 180 கிலோவாட் வேக சார்ஜர் ஒன்றே ஒன்று, அப்படிப்பட்ட பதினைந்து வீடுகளின் முழுச் சுமை. அந்த மாதிரி இரண்டை ஒரு கார் பார்க்கின் மூலையில் வைக்க வேண்டுமென்றால், பக்கத்துத் துணைமின் நிலையத்தில் அவ்வளவு மிச்சம் இருக்க வேண்டும். இல்லையென்றால் புதிதாக ஒன்று கட்டி, அதற்கு இடம் ஒதுக்கி, டிரான்ஸ்ஃபார்மர் வரவழைக்க வேண்டும். கேபிள் போகும் வழியில் சாலை இருந்தால் தோண்டுவதற்குத் தனி பெர்மிட், அந்தச் சாலை யாருடையது என்பதைப் பொறுத்து போய் நிற்க வேண்டிய அலுவலகம் மாறும். அது முடிந்து மின்வாரியமான டிஎன்பி வந்து மீட்டர் வைத்து, சோதனை முடிய வேண்டும். காசு வாங்கி சார்ஜ் விற்பதற்கு எரிசக்தி ஆணையத்தின் உரிமமும் வேண்டும். இதில் ஏதாவது ஒன்று தடைப்பட்டால் மற்றதெல்லாம் கைகட்டி நிற்கும். ஆனால் இயந்திரத்தை மட்டும் முதல் வாரத்திலேயே நட்டுப் படம் எடுத்துப் போட்டுவிடலாம். என் கோபமெல்லாம் இந்த இடத்தில்தான். தாமதமாவதில் நியாயமான காரணங்கள் இருக்கின்றன, சரி, ஒத்துக்கொள்கிறேன். எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்று அந்த அறிவிப்புத் தாளில் ஒரு வரி எழுதி ஒட்டினால் என்ன குறைந்துவிடும்?

நாட்டளவிலும் கதை இதுதான். 2025க்குள் 10,000 பொது சார்ஜர்கள் என்று 2021இல் வந்த குறைந்த கார்பன் போக்குவரத்துத் திட்டத்தில் போட்டார்கள். 2024 முடிகிறபோது அதில் பாதிகூட இல்லை. அதைவிட முக்கியம், அந்த 10,000இல் 9,000 மெதுவாக ஏற்றுகிற ஏசி, 1,000தான் வேகமாக ஏற்றுகிற டிசி என்பது திட்டமே. என் பேட்டரியை 20 சதவீதத்திலிருந்து 80க்கு ஏற்ற 36 யூனிட் வேண்டும். 7 கிலோவாட் ஏசி சார்ஜரில் ஐந்து மணி நேரத்துக்கு மேல். டிசி 60 கிலோவாட்டில் முக்கால் மணி. அங்காடியில் ஐந்து மணி நேரம் எதைப் பார்த்துக்கொண்டு நடப்பது? மொத்த எண்ணிக்கையைக் காட்டி யாராவது பெருமை பேசினால் அதில் டிசி எத்தனை என்று கேளுங்கள். 2024 டிசம்பரில் ப்ரோட்டோன் இ.மாஸ் 7 வந்த பிறகு எங்கள் பக்கம் மின்சாரக் கார்கள் மளமளவென்று பெருகிவிட்டன, வரிசையும் கூடவே நீண்டுவிட்டது.

அந்த இடைக்காலத்தை எப்படி ஓட்டினேன் என்றால், பாலம் தாண்டி அக்கரையில் இருக்கிற சார்ஜர்களில்தான். வேலை முடிந்து வரும் வழியில் போய் நிற்பேன். இரண்டு சார்ஜ் துப்பாக்கி (காரில் சொருகும் முனை) உள்ள இயந்திரத்தில் பக்கத்தில் இன்னொரு கார் வந்து சொருகினால் வேகம் பாதியாகப் பிரிந்துவிடும், 80 சதவீதத்துக்கு மேல் எப்படியும் ஆமை வேகம்தான், ஆனாலும் சிலர் நூறு ஆகும்வரை நகர மாட்டார்கள், மாமாக் கடையில் இரண்டாவது தே தாரிக் குடித்துக்கொண்டிருப்பார்கள். பெட்ரோல் காரை நடுவில் நிறுத்திவிட்டுக் கடைக்குப் போகிறவர்கள் தனி ரகம். ஒவ்வொரு நிறுவனத்துக்கும் ஒரு ஆப், ஒவ்வொரு ஆப்பிலும் முன்பணம் போட வேண்டும், என் பணம் பத்தும் இருபதுமாக நாலைந்து ஆப்களில் இன்னும் தூங்கிக்கொண்டிருக்கிறது. டிசியில் யூனிட் ஒரு வெள்ளிக்கு (ரிங்கிட்) மேல் போகிறது, வீட்டு மின்சாரமோ 60 சென்னுக்கும் கீழே. மிச்சமாகும் என்று போட்ட கணக்கு இங்கேதான் கரைந்தது.

ஆகவே கொண்டோவில் என் சொந்த நிறுத்துமிடத்துக்கு, என் சொந்த மீட்டரிலிருந்து மின்சாரம் கொண்டுவருவது என்று முடிவெடுத்தேன். வீடு என்னுடையது, நிறுத்துமிடமும் என்னுடையது, ஆனால் மீட்டர் அறையிலிருந்து காருக்கு வரும் வழி முழுவதும் பொதுச்சொத்து. அடுக்குமாடிப் பராமரிப்புச் சட்டம் 757இன்படி அது நிர்வாகத்தின் கையில் இருக்கிறது. அவர்கள் எழுத்தில் சம்மதிக்காமல் ஓர் ஆணிகூட அடிக்க முடியாது.

முதல் கடிதத்துக்குப் பதிலே வரவில்லை. நேரில் போனால் மேலாளர் பெண்மணி, "என்சிக், இதுக்கு எங்ககிட்ட ஃபார்மே இல்ல" என்றார். குழுத் தலைவர் ஓய்வு பெற்ற ஒரு சீன அங்கிள், நல்ல மனிதர், ஆனால் யாரோ அனுப்பிய வாட்ஸ்அப் வீடியோவில் எங்கோ ஒரு கார் பற்றி எரிவதைப் பார்த்து அரண்டு போயிருந்தார். அவரிடம் வாதாடிப் பயனில்லை என்று தெரிந்தது. அவருடைய பயம் கீழ்த்தளத்தைப் பற்றியது. எங்கள் கொண்டோவில் நிறுத்துமிடம் மூன்று தளம், மேல்தளம் பாதி திறந்தவெளி. என் நிறுத்துமிடம் நடுத்தளத்தில். மேல்தளத்தில் வெயிலுக்குப் பயந்து இடம் மாற்றக் காத்திருந்த ஒரு குடும்பத்தோடு நான் மாற்றிக்கொண்டேன், அவர்களுக்கும் சந்தோஷம். அரசாங்கத்தின் நகரத் திட்டமிடல் துறையான பிளான்மலேசியா வெளியிட்ட மின்வாகன சார்ஜ் நிறுத்துமிட வழிகாட்டியை அச்செடுத்து, அதில் தீப்பாதுகாப்பு பற்றிய பக்கங்களில் மஞ்சள் கோடு போட்டு, கடிதத்தோடு வைத்தேன். நிர்வாகக் குழுக்காரர்கள் நம் பேச்சை நம்புவதில்லை, அரசாங்க முத்திரை உள்ள தாளை நம்புவார்கள்.

அடுத்து அவர்கள் கேட்டது சுமைக் கணக்கு. வயர்மேன் அண்ணன் தனக்குத் தெரிந்த தகுதிபெற்ற ஆளைக் கூட்டிவந்து பார்க்கச் சொன்னார். என் வீட்டு இணைப்பு 60 ஆம்பியர், சார்ஜர் மட்டும் 32 கேட்கும், இரண்டு ஏர்கானும் வாட்டர் ஹீட்டரும் சேர்ந்து ஓடினால் மெயின் விழுந்துவிடும். அதனால் மொத்த ஓட்டத்தை அளந்து, தேவைப்படும்போது சார்ஜரைத் தானாகக் குறைக்கிற ஓர் அளவி சேர்த்தோம். பிறகு கேபிள். மீட்டர் அறையிலிருந்து மேல்தளம் வரை 60 மீட்டர் வந்தது. கடையில் முதலில் 6 சதுர மில்லிமீட்டர் கேபிளுக்குத்தான் விலை சொன்னார்கள். அண்ணன் ஒத்துக்கொள்ளவில்லை, அவ்வளவு தூரத்துக்கு 32 ஆம்பியர் ஓடினால் வோல்ட் இறங்கிவிடும், 10 போட்டே ஆக வேண்டும் என்றார். செலவில் பெரிய பங்கு கேபிளுக்கும் அதன் இரும்புக் குழாய்க்கும்தான் போனது, சார்ஜருக்கு அல்ல. விலைப்பட்டியல் வாங்குகிறவர்கள் மீட்டர் எண்ணிக்கையையும் கேபிள் அளவையும் தனித்தனியாக எழுதி வாங்குங்கள். ரசீதையும் பத்திரமாக வையுங்கள், மின்வாகன சார்ஜ் வசதிக்கான செலவில் 2,500 வெள்ளி வரை வருமான வரிக் கழிவு உண்டு.

நிர்வாகம் கடைசியில் சம்மதித்தது, நிபந்தனைகளோடு. முன்வைப்புத் தொகை, காப்புறுதிக் கடிதம், வருடத்துக்கு ஒருமுறை சோதனைச் சான்று, வீட்டை விற்றால் கேபிளைக் கழற்றிக்கொண்டு போக வேண்டும். கடைசி நிபந்தனை அநியாயம்தான், ஆனால் கையெழுத்துப் போட்டுவிட்டேன், அதற்காக இன்னும் ஒரு கூட்டம் காத்திருக்க எனக்குத் தெம்பில்லை. இப்போது இரவு பத்து மணிக்கு மேல் ஓடுகிற மாதிரி நேரம் வைத்திருக்கிறேன். டிஎன்பியின் நேரக் கட்டணத்துக்கு மாறிக்கொண்டால் வார நாட்களில் பிற்பகல் 2 மணியிலிருந்து இரவு 10 வரைதான் விலை கூடுதல்.

அந்தப் பேரங்காடி சார்ஜரும் ஒருவழியாக உயிர் பெற்றது, இரண்டில் ஒன்று. அவசரத்துக்கு ஒருதரம் போனேன், வேலை செய்கிறது. கோலாலம்பூர் போகிற தீபாவளி வாரத்தில் அது தேவைப்படும், வேண்டாம் என்று சொல்ல மாட்டேன்.

எங்கள் கொண்டோவில் இப்போது ஃபார்ம் இருக்கிறது, மேலாளரே தட்டச்சு செய்திருக்கிறார், எனக்குப் பிறகு வேறு சிலரும் விண்ணப்பித்திருக்கிறார்கள். ஆனால் கட்டடத்தின் மெயின் சுவிட்ச்போர்டில் மிச்சமிருக்கிற சுமை இன்னும் சில கார்களுக்குத்தான் தாங்கும் என்று அந்தச் சுமைக் கணக்கிலேயே எழுதியிருக்கிறது. அதற்குப் பிறகு போர்டையே மாற்ற வேண்டும், அது பொதுநிதிப் பணம், பெட்ரோல் கார்க்காரர்களும் சேர்ந்து கொடுக்க வேண்டிய பணம். அடுத்த ஆண்டுக் கூட்டத்தில் அந்தத் தீர்மானத்தை நான்தான் கொண்டுவருவதாக இருக்கிறேன். சீன அங்கிள் ஆதரிப்பதாகச் சொல்லியிருக்கிறார், அவர் மகன் மின்சாரக் கார் புக் பண்ணிவிட்டானாம்.