எங்கள் போல்டருக்குள் கிடந்த பழைய பிரதி

2022இல் யாழ்ப்பாணத்துச் சுன்னாகத்தில் ஒரு ஸ்ரூடியோக்காரர் தன் கணினியை உபுண்டு 22.04 இயங்குதளத்துக்கு மாற்றினார். மாற்றிய கையோடு நாங்கள் எழுதிக் கொடுத்த படத்தொகுப்பு மென்பொருள் திறக்கவே மறுத்துவிட்டது. லிப்எஸ்எஸ்எல் 1.1ஐக் காணவில்லை என்று ஒரே ஒரு வரி. அது இணையத் தொடர்பை மறையாக்கும் ஓபன்எஸ்எஸ்எல்லின் ஒரு லைப்ரரி, அதாவது பல மென்பொருள்கள் பொதுவாகப் பயன்படுத்தும் துணை நிரல். உபுண்டு ஓபன்எஸ்எஸ்எல் 3க்குப் போனபோது பழையதைத் தூக்கிவிட்டிருந்தது. கலியாணக் காலம், அவர் போனில் கத்திய கத்தலோடு முடிவெடுத்தோம்: இனி சிஸ்டத்தை நம்புவதில்லை, எங்களுக்கு வேண்டிய லைப்ரரிகளை எங்கள் போல்டருக்குள்ளேயே போட்டுக் கொடுப்பது.

ஒரு வருடம் நிம்மதியாகப் போனது.

2023 செப்டம்பர், நல்லூர்த் தேர் முடிந்த அடுத்த கிழமை, வெப்பி வகைப் படங்களைத் திறக்கும் லிப்வெப்பி லைப்ரரியில் பாதுகாப்பு ஓட்டை என்று அலுவலகத்தில் ஒரே கதை. விஷமமாகச் செய்த ஒரு வெப்பி படத்தைத் திறந்தாலே போதும், நினைவகத்தில் எல்லை தாண்டி எழுதிவிடும். குரோம், பயர்பாக்ஸ் எல்லாம் அவசரமாகத் திருத்தம் விட்டன, லைப்ரரியும் 1.3.2 ஆனது. ஸ்ரூடியோக் கணினிகளில் சிஸ்டத்தின் பிரதி வழமையான அப்டேட்டோடு திருந்திவிட்டது. எங்கள் பிரதி திருந்தவில்லை. எப்படித் திருந்தும், அது அங்கே கிடப்பது எங்களைத் தவிர யாருக்கும் தெரியாதே. உண்மையைச் சொன்னால் எங்களுக்கும் ஒழுங்காகத் தெரியாது: தேடினால் இரண்டு அகப்பட்டன, ஒன்று நாங்கள் வைத்தது, மற்றது இன்னொரு லைப்ரரியின் வயிற்றுக்குள் கிடந்தது.

சரி, பழையதை எடுத்துப் புதியதை வைத்தால் முடிந்தது என்று வைத்தேன். சோதனைப் படத்தில் மணப்பெண்ணின் சிவப்புக் கூறைச்சேலை நீலமாக நின்றது! இரண்டு மணித்தியாலம் கழித்துத்தான் பிடிபட்டது, முன்பு எங்களோடு இருந்த ஒரு பெடியன் பழைய பிரதிக்குள் கைவைத்து, சிவப்பு-பச்சை-நீல வரிசையைத் திருப்பிவிட்டிருக்கிறான். மாற்றத்துக்கு அவன் எழுதிய குறிப்பு: "சின்ன வேலை". இதில் பகிடி என்னவென்றால், நீலம் முதலில் வரும் வரிசையில் தருகிற பங்க்ஷன் அந்த லைப்ரரியிலேயே இருக்கிறது. அவன் தேடவில்லை, நாங்கள் கேட்கவும் இல்லை.

அப்புறம் திருந்திய பிரதியை வைக்க மழையும் வெயிலுமாக மோட்டார் சைக்கிளில் ஏழு ஸ்ரூடியோ. சுன்னாகத்து ஐயா கேட்டார், "தம்பி, நல்லாத்தானே ஓடினது, ஏன் திருப்பி வந்தனீர்?" ஒரு ஓட்டை ஐயா என்றேன். "எங்கட ஓட்டையோ, உங்கட ஓட்டையோ?"

எங்கட தான்.

எங்கள் அம்மம்மா வீட்டில் பங்குக் கிணறு, காணி உறுதியிலேயே யாருக்கு எத்தனை பங்கு என்று இருக்கும். இறைப்பு முறைக்குச் சண்டை வராத மாதமில்லை. ஆனால் கிணறு துப்பரவாக்குகிற நாளில் எல்லாப் பங்குகாரரும் வந்து நிற்பார்கள். சண்டை பிடித்துக்கொண்டு தனிக்கிணறு வெட்டின மாமா கடைசிவரை சேறு அள்ளியது தனியே. உபுண்டுவுக்கு அடிப்படையான டெபியன் இயங்குதளத்தைச் செய்பவர்கள் பிரதி வைக்காதே, சிஸ்டத்தில் இருப்பதையே பயன்படுத்து என்று ஏன் அப்படி நிற்கிறார்கள் என்பது எனக்கு அந்த ஏழு ஸ்ரூடியோவுக்குப் பிறகுதான் உறைத்தது.

2024 மார்ச் கடைசியில் கோப்புகளைச் சுருக்கும் எக்ஸ்இசட் லைப்ரரியின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் யாரோ களவாக நுழையப் பின்கதவு வைத்தது வெளியே வந்தபோது எங்கள் இளசு ஒருத்தன் துள்ளினான்: "பார்த்தியளோ அண்ணை, எங்கட போல்டருக்குள்ள பழசு, தப்பிட்டம்." உபுண்டு 22.04இலும் பழசுதான் இருந்தது, டெபியனின் நிலையான பதிப்பான ஸ்டேபிளுக்கும் அந்தப் புதுசு போய்ச் சேரவில்லை. அவர்கள் வேண்டுமென்றே பொறுத்திருப்பவர்கள், நாங்கள் மறந்து போனவர்கள். அவன் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை.

இப்போது வெளியாட்களின் கோப்பையோ இணையத்தையோ தொடுகிற லைப்ரரியெல்லாம் சிஸ்டத்திலிருந்து. மற்றவை போல்டருக்குள், அவற்றின் பெயரும் பதிப்பும் காரணமும் எழுதிய தாள் ஒன்று என் மேசைக்கு மேலே சுவரில். பதினொரு பெயர். மூன்றுக்கு நேரே காரணம் எழுத வேண்டிய இடத்தில் கேள்விக்குறி மட்டும் கிடக்கிறது.